சோதனையில் தேறிய மாற்று உரை

மூவாயிரம் படங்கள், ஒன்றுக்கும் மாற்று உரை இல்லை. வேர்ட்பிரஸில் ஒரு ப்ளக்இன்னை நிறுவி, செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றின் ஏபிஐ சாவியைக் கொடுத்து, மொத்தத்துக்கும் எழுதச் சொன்னால் போதும். சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மூவாயிரத்துக்கும் வாக்கியம் தயாராகிவிடும். அணுகல் சோதனைக் கருவியை மறுபடி ஓட்டினால் சிவப்பெல்லாம் பச்சை. வாடிக்கையாளருக்கு அறிக்கையும் போய்விடும். அந்தப் பச்சையைப் பற்றித்தான் இந்த இதழில் பேச வேண்டியிருக்கிறது.

பார்வையற்றோருக்கு ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வாசித்துக்காட்டப் படத்துக்கு மாற்று உரை வேண்டும் என்பது புதிய கோரிக்கை அல்ல. 1999இல் வெளியான முதல் டபிள்யூசிஏஜி இணைய அணுகல் நெறிமுறையின் முதல் விதியே அதுதான். வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. மாற்று உரை விடுபட்ட படம் ஒன்றாவது இருந்த பக்கங்கள் 2019இல் 68 சதவீதம், 2025இல் 55.5 சதவீதம். இத்தனை ஆண்டுகள் சொல்லியும் கேட்காத தளங்களுக்கு இயந்திரம் எழுதிக் கொடுத்தால் நல்லதுதானே என்று தோன்றும். பல இடங்களில் நல்லதுதான்.

ஆனால் அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். படக்குறியில் மாற்று உரையைத் தாங்கும் ஆல்ட் பண்பு இருக்கிறதா, இல்லையா என்பதைக் கருவி கண்டுபிடிக்கும். உரைக்குப் பதில் கோப்பின் பெயர் கிடந்தால் அதையும் ஓரளவு பிடிக்கும். எழுதியிருப்பது சரியா என்று அதற்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைமேல் எழும் விமானத்தை ‘கோபுரம்’ என்று எழுதினாலும் பச்சைதான். தேடு பொத்தானில் உள்ள சின்னத்தை ‘கைப்பிடியுடன் கூடிய பூதக்கண்ணாடி’ என்று வர்ணித்தாலும் பச்சைதான். உரை விடுபட்டிருந்தால் அடுத்த தணிக்கையில் யாராவது கண்டுபிடிப்பார்கள். தவறான உரை இருந்தால் யாரும் அந்தப் பக்கம் திரும்பமாட்டார்கள்.

கேட்பவர் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பவும் முடியாது. ட்விட்டர் படங்களுக்கு இயந்திரம் எழுதிய விளக்கங்களைப் பார்வையற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று மெக்லியோட், பென்னட், மோரிஸ், கட்ரெல் ஆகியோர் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பதிவும் விளக்கமும் ஒன்றோடொன்று பொருந்தாதபோதுகூட, கேட்டவர்கள் விளக்கத்தைச் சந்தேகிக்கவில்லை. இரண்டையும் இணைக்கத் தாங்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டார்கள். விளக்கத்தின் சொல்முறை உறுதியைக் குறைத்துக் காட்டியபோதுதான் சந்தேகம் எழுந்தது.

ஃபேஸ்புக் 2016இல் தானியங்கி மாற்று உரையைக் கொண்டுவந்தபோது இந்த எச்சரிக்கை அதனிடம் இருந்தது. ஏறக்குறைய நூறு கருத்துருக்களை மட்டும் அடையாளம் கண்டது. குறைந்தது 80 சதவீதத் துல்லியம் எட்டியவற்றையே சொன்னது. அதையும் ‘படத்தில் இவை இருக்கக்கூடும்’ என்ற முன்னுரையோடு சொன்னது. மரம், வானம், வெளிப்புறம் என்ற அந்தப் பட்டியலைக் கேட்டுப் பலர் சலித்துக்கொண்டதும் உண்மை. இன்றைய மாதிரிகள் அப்படிப் பட்டியல் போடுவதில்லை. சரியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே சரளமான நடையில், ஒரே உறுதியோடு எழுதுகின்றன. வரைபடத்தில் இல்லாத எண்ணைக்கூட அதே நடையில் எழுதிவிடும்.

இன்னும் அடிப்படையான சிக்கல், மொத்தமாக ஓட்டப்படும் கருவி பெரும்பாலும் படத்தை மட்டும் பார்க்கிறது, பக்கத்தைப் பார்ப்பதில்லை என்பது. அதே பெரிய கோயில் படம் சுற்றுலாத் தளத்தில் ஊரின் அடையாளம். கற்கட்டடப் பராமரிப்புக் கட்டுரையில் கல் அடுக்கின் சான்று. விடுதித் தளத்தில் ‘அறை பதிவு செய்ய’ என்ற இணைப்பு. இன்னொரு பக்கத்தில் வெறும் அலங்காரம், அங்கே ஆல்ட் காலியாக இருப்பதே சரி. எது எந்த இடம் என்று முடிவெடுப்பவர் பக்கத்தை ஆக்கியவர். ஃபயர்பாக்ஸ் 2024இல் பிடிஎஃப் திருத்தியில் செய்த ஏற்பாடு இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. படத்தைச் சேர்க்கும் அந்தக் கணத்திலேயே, பயனரின் கணினியில் இயங்கும் சிறிய மாதிரி ஒரு வரைவை எழுதிப் பெட்டியில் வைக்கிறது. படத்தை ஏன் சேர்க்கிறோம் என்று அறிந்தவர் அப்போது அங்கேயே இருக்கிறார், திருத்திவிடுவார்.

தமிழ்த் தளங்களில் இதற்கு மேலும் ஒரு கோளாறு. கருவியின் மொழியை யாரும் மாற்றாததால் தமிழ்ப் பக்கத்துக்குள் ஆங்கில மாற்று உரைகள் வந்து உட்காருகின்றன. பக்கம் தமிழ் என்று குறிக்கப்பட்டிருந்தால் ஸ்கிரீன் ரீடர் அந்த ஆங்கிலத்தையும் தமிழ்க் குரலிடமே கொடுக்கக்கூடும். ஆல்ட் பண்புக்குள் வேறு குறியீடு எதுவும் நுழையாது என்பதால், படக்குறிக்கே தனி மொழிப் பண்பு கொடுக்க வேண்டும். அதைவிடத் தமிழிலேயே எழுதுவது சுலபம். இயந்திரத் தமிழைத் திருத்தத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

தளங்களுக்குச் சட்ட நெருக்கடியும் கூடிக்கொண்டிருக்கிறது. எண்ணிம அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது; பங்குச் சந்தை நிறுவனங்களுக்கு செபி அதே ஆண்டு இதுகுறித்துச் சுற்றறிக்கை அனுப்பியது. அவசரத்தில் ‘ஒரே வரி நிரல், முழு இணக்கம்’ என்று விற்பவர்களிடம் போகிறவர்கள் அமெரிக்க விவகாரம் ஒன்றை நினைவில் வைக்கலாம். தன் செயற்கை நுண்ணறிவுக் கருவி எந்தத் தளத்தையும் நெறிமுறைக்கு இணங்கச் செய்யும் என்று விளம்பரப்படுத்திய ஆக்சசிபி நிறுவனம், 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்று அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். படம் பார்க்க இந்த மாதிரிகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பங்கு மனிதர்கள் எழுதிய மாற்று உரைகளுடையது. 2022இல் வந்த லயான்-5பி தொகுப்பின் ஏறக்குறைய 585 கோடிப் படம்-உரை இணைகள் இணையப் பக்கங்களின் ஆல்ட் பண்பிலிருந்தே திரட்டப்பட்டவை. இன்று சரிபார்க்காமல் கொட்டுவதை நாளைய மாதிரிகள் படிக்கும்.

ஆகவே பழைய காப்பகங்களுக்கும் விற்பனைப் பொருள்களின் படங்களுக்கும் இயந்திர வரைவை எடுத்துக்கொள்ளலாம். எழுத்து நிறைந்த அறிவிப்புப் படங்களிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கவும் அது உதவும். இணைப்பு, பொத்தான், வரைபடம் ஆகியவற்றை மனிதர்தான் முடிக்க வேண்டும். வரைவை எழுதிய கருவி எது, ஒப்புதல் தந்தவர் யார் என்ற குறிப்பு தரவுத்தளத்தில் இருக்கட்டும். தணிக்கை அறிக்கையில் ‘உரை உண்டு’, ‘உரை இல்லை’ என்ற இரண்டு எண்ணிக்கைகளோடு ‘இயந்திரம் எழுதியது, யாரும் பார்க்கவில்லை’ என்ற மூன்றாவதும் இடம்பெற வேண்டும். அந்த மூன்றாவதைக் குறைக்க ஆகும் நேரத்துக்கான கட்டணத்தை வாடிக்கையாளரிடம் முதல் நாளே பேசிக்கொள்வது நல்லது.