இடுப்பு வலியோடு பிரசவத்துக்குப் போகிறீர்களா? லேபர் வார்டில் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை!

"மாசமா இருந்தா இடுப்பு வலிக்கத்தான் செய்யும். நாங்கள்லாம் பெத்துக்கலையா?"

கர்ப்பிணிகள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. சொல்பவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால், எல்லா இடுப்பு வலியும் ஒரே வலி இல்லை. படுக்கையில் புரள முடியாமல், மாடிப்படி ஏற முடியாமல், ஒற்றைக்காலில் நின்று பாவாடை மாட்ட முடியாமல் செய்கிற ஒரு வலி இருக்கிறது. அதற்குத் தனிப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. முக்கியமாக, பிரசவ நேரத்தில் அதற்கென்று எடுக்க வேண்டிய சில முன்னெச்சரிக்கைகள் உண்டு. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

இது என்ன வலி?

மருத்துவர்கள் இதை 'பெல்விக் கர்டில் பெயின்' என்கிறார்கள். நம் இடுப்பெலும்பு ஒரு வளையம் போன்றது. பின்பக்கம் முதுகுத்தண்டின் அடியில் இரண்டு மூட்டுகள், முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மூட்டு என மூன்று இடங்களில் அது இணைகிறது. சாதாரணமாக இந்த மூட்டுகள் மிகக் கொஞ்சமாகத்தான் அசையும். கர்ப்ப காலத்தில் தசைநார்கள் தளர்கின்றன, வயிற்றின் எடை கூடுகிறது, நிற்கும் விதமும் நடக்கும் விதமும் மாறுகின்றன. அப்போது இந்த மூட்டுகள் சமமாக அசையாமல் போனால் வலி தொடங்குகிறது.

முன்பக்க எலும்பில், தொடை இடுக்கில், பின்புறத்தில், சிலருக்குத் தொடையின் உட்பக்கம் வரைகூட வலிக்கும். நடக்கும்போது 'கிளிக்' என்று சத்தம் கேட்பதாகச் சிலர் சொல்வார்கள். பகலில் அதிகம் நடந்தால், இரவில் வலி கூடும். கர்ப்பிணிகளில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வலி வருகிறது என்கிறது இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி. ஒரு ஆறுதலான விஷயம், இந்த வலியால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

'தரையைத் துடைச்சா சுகப்பிரசவம் ஆகும்!'

நம் வீடுகளில் கர்ப்பிணிகளுக்குக் கிடைக்கும் முதல் அட்வைஸ் இதுதான். குத்துக்காலிட்டு உட்கார், குனிந்து பெருக்கு, மாடிப்படி ஏறி இறங்கு என்று பட்டியல் நீளும். வலி இல்லாதவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வீட்டு வேலை செய்வதில் தவறில்லை. ஆனால், இந்த மூட்டு வலி உள்ளவர்கள் குத்துக்காலிட்டு உட்காரும்போது, ஏற்கெனவே நொந்துபோன முன்பக்க மூட்டு இன்னும் விரிகிறது. 'வலியைப் பொறுத்துக்கொண்டு செஞ்சா சரியாகிடும்' என்பது இங்கே பொருந்தாது.

இவர்கள் அன்றாடம் செய்யக்கூடிய மாற்றங்கள்:

* பாவாடை, லெகிங்ஸ், செருப்பு எல்லாவற்றையும் உட்கார்ந்துகொண்டே அணியுங்கள்.

* தரையில் சம்மணம் போடுவதைத் தவிர்த்து நாற்காலியில் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

* படுக்கையில் புரளும்போது இரண்டு முழங்கால்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு புரளுங்கள். தூங்கும்போது கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள்.

* கார், ஆட்டோவில் ஏறும்போது முதலில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்புங்கள்.

* தண்ணீர்க் குடத்தையோ மூத்த குழந்தையையோ ஒரு பக்க இடுப்பில் தூக்கி வைக்காதீர்கள்.

* மாடிப்படியில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். ஒரு நாளில் எத்தனை தடவை ஏறி இறங்குகிறீர்கள் என்பதையும் குறையுங்கள்.

இவற்றோடு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது மிக முக்கியம். இடுப்பு, வயிறு, பின்புறத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளைச் சொல்லித் தருவார். தேவைப்பட்டால் இடுப்பு பெல்ட் போடச் சொல்வார். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே வலி மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை 20 வாரங்களுக்குப் பிறகு எடுத்தால் குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்போ சிசேரியன்தானா?

இந்த வலி உள்ள பெண்களின் மனதில் ஓடும் பெரிய பயம் இதுதான். இப்போதே காலை அகட்ட முடியவில்லையே, பிரசவத்தில் என்ன செய்வது என்று தோன்றும். பதில்: பெரும்பாலானவர்களுக்கு நார்மல் டெலிவரி சாத்தியம். இந்த வலி என்ற ஒரே காரணத்துக்காக சிசேரியன் செய்ய வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை. வலி தாங்காமல் முன்கூட்டியே பிரசவத்தைத் தூண்டிவிடுவதும் வழக்கமான பரிந்துரை இல்லை.

தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்குப்படி தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவை சிகிச்சை அவசியமானவர்களுக்கு அது உயிர் காக்கும். ஆனால் இடுப்பு மூட்டு ஏற்கெனவே வலிக்கும் ஒருவருக்கு, வயிற்றில் தையலும் சேர்ந்துகொண்டால் எழுந்து நடப்பது இன்னும் தாமதமாகலாம். அதனால் பயத்தில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசி, வேறு காரணங்கள் இருக்கின்றனவா என்று கேட்டு முடிவெடுங்கள்.

டேப் எடுத்து அளந்து வையுங்கள்

இது சின்ன வேலைதான், ஆனால் பெரிய உதவி. 36, 37-வது வாரம் வாக்கில் செய்துவிடுங்கள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்கால்களை மெதுவாக அகட்டுங்கள். வலி தொடங்குவதற்கு முன் நிறுத்துங்கள். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் யாரையாவது தையல் டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். படுத்த நிலையிலும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அந்த எண்ணை செக்கப் ஃபைலிலும் தாய் சேய் நல அட்டையிலும் பெரிதாக எழுதி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

எபிடியூரல் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம். ஊசி போட்ட பிறகு வலி தெரியாது. கால்கள் அளவுக்கு மீறி விரிந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மறுநாள் மருந்து இறங்கிய பிறகுதான் உடம்பு சொல்லும்.

என் பெரியம்மா மகளுக்கு முதல் பிரசவத்தில் இதுதான் நடந்தது. ஏழாம் மாதத்திலிருந்தே அவளுக்கு இந்த வலி. எல்லோருக்கும் வருவதுதானே என்று செக்கப்பில் அவள் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எபிடியூரல் போட்டு, மல்லாக்கப் படுக்க வைத்து, கால்களை நன்றாக அகட்டிப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை நலம். ஆனால் அடுத்த மூன்று வாரங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூம் போனாள். இரண்டாவது முறை கர்ப்பமானதும் அவள் முதலில் தேடியது பிசியோதெரபிஸ்ட்டை. பிரசவத்தன்று ஃபைலில் எழுதியிருந்ததை மருத்துவர் படித்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்த நிலையிலேயே பிரசவம் பார்த்தார். மறுநாள் காலையில் தானே எழுந்து நடந்தாள்.

லேபர் வார்டில் என்ன கேட்கலாம்?

எபிடியூரல் போடாத பெண்கள் தங்களுக்கு வசதியான நிலையில் பிரசவிக்க ஊக்குவிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. எனவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

* ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை ஒருவர் தாங்கிக்கொள்வது. மண்டியிட்டு முன்பக்கம் சாய்ந்துகொள்வது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி இருப்பது. இவை மூட்டுக்கு இதமானவை.

* உள்பரிசோதனையையும் ஒருக்களித்த நிலையில் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

* முக்கும்போது நர்ஸின் இடுப்பிலோ தோளிலோ கால்களை ஊன்றி உந்த வேண்டாம்.

* ஆயுதப் பிரசவத்துக்கோ தையல் போடவோ கால்களை உயர்த்திக் கட்ட வேண்டி வந்தால், இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில், மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்கிவிட வேண்டும்.

வலி உச்சத்தில் இருக்கும்போது இதையெல்லாம் உங்களால் சொல்ல முடியாது. உடன் வருபவர்தான் சொல்ல வேண்டும். தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையாகப் பெண் உறவினர் ஒருவரை அனுமதிக்கும் நடைமுறை இருக்கிறது. அம்மாவோ, மாமியாரோ, அக்காவோ, யார் வந்தாலும் இந்தப் பட்டியலை முன்பே அவர்களிடம் சொல்லி வையுங்கள். "என் பொண்ணுக்கு இடுப்பு மூட்டு வலி இருக்கு, இவ்வளவுக்கு மேல காலை அகட்டாதீங்க சிஸ்டர்" என்று அவர்கள் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

குழந்தை பிறந்த பிறகு...

பெரும்பாலானவர்களுக்கு சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் வலி போய்விடும். அதுவரை பால் கொடுக்கும்போது சம்மணம் போடாமல், முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள், அல்லது ஒருக்களித்துப் படுத்துக் கொடுங்கள். குளிப்பாட்டுபவர் கால்களை அகட்டி அழுத்தி எண்ணெய் தேய்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மூன்று மாதம் ஆகியும் வலி இருந்தால் மறுபடியும் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். அடுத்த கர்ப்பத்திலும் இந்த வலி வர வாய்ப்பு அதிகம் என்பதால், அப்போது ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இவை இருந்தால் உடனே மருத்துவமனை!

ரத்தப்போக்கு, காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, குழந்தையின் அசைவு குறைவது, கால் மரத்துப்போவது, சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது... இவற்றை இடுப்பு வலியோடு சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகு முன்பக்க எலும்பில் திடீரென்று கடுமையான வலி வந்து, காலைத் தூக்கவே முடியாவிட்டால், மூட்டு விலகியிருக்கலாம். இது அரிது, ஆனால் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் வீட்டில் இப்போது யாராவது கர்ப்பமாக இருந்தால், இன்று அவர் படுக்கையிலிருந்து எழும்போது முகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "எங்கே வலிக்குது?" என்று கேளுங்கள். அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் விஷயம் அந்தப் பதிலில் இருக்கலாம்.

*(அடுத்த வாரம்: பிரசவத்துக்குப் பிறகு இருமினாலே சிறுநீர் கசிகிறதா? வெட்கப்படாமல் பேசுவோம்!)*