பிரேமுக்கு விலை இருக்கட்டும், கிளப்புக்கு எதற்கு?

நீளமான பதிவு. நாற்பது நிமிட பீரியடுக்குப் பழகிய வாய், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கையால் செய்யும் ரேஸ் சைக்கிள்களைப் பற்றி எழுதியிருந்தேன். "சார், இதெல்லாம் பணக்காரன் பொழுதுபோக்கு" என்று ஒருவர் கமெண்ட் போட்டார். இன்னொருவர் எங்கள் ஊர் சைக்கிள் கிளப்பில் இருப்பவர், என்னிடம் படித்தவர். "அதனாலதான் சார், ரோடு பைக் இல்லாதவங்கள நாங்க சேர்க்கிறதில்ல" என்று பெருமையாக எழுதியிருந்தார். தம்பி, இரண்டு பேரும் ஒரே தப்பைத்தான் செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் சேர்க்காத ஒருவனை நான் பார்த்தேன். ஞாயிறு காலை ஐந்தரை மணி, டீக்கடை வாசல். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஒரு பையன் வந்து நின்றான். உங்களில் ஒருவர் சைக்கிளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற சைக்கிள் வாங்கிட்டு வாப்பா" என்றார். யாரும் திட்டவில்லை. சிரிக்கக்கூட இல்லை. நீங்கள் கிளம்பிப் போனீர்கள். அவன் உங்கள் பின்விளக்குகள் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். முப்பத்துநான்கு வருடம் வகுப்பெடுத்தவன் நான். அந்த முகம் எனக்குத் தெரியும். அடுத்த நாளிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போய்விடும் முகம் அது.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். கையால் செய்த ரேஸ் சைக்கிளுக்குப் பேர்போன ஊர்களில் ஒன்று இங்கிலாந்து. பர்மிங்காமில் ரெனால்ட்ஸ் என்கிற ஆணி வியாபாரக் குடும்பத்தார், இரண்டு முனையிலும் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்கு 1897-இல் காப்புரிமை வாங்கினார்கள். பற்றவைக்கும் இடத்தில் பலம் வேண்டும், நடுவில் எடை குறைய வேண்டும், அவ்வளவுதான் யோசனை. 1935-இல் அவர்களுடைய 531 என்கிற எஃகுக் குழாய் வந்தது. சின்னச் சின்னப் பட்டறைகளில் ஆளின் கால் நீளம், கை நீளம் அளந்து, அந்தக் குழாய்களை வெட்டி, பித்தளை வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். தையல்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல.

அதை வாங்கியவர்கள் எல்லாரும் பிரபுக்கள் என்று நினைக்காதீர்கள். ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர். பல மாதம் காசு சேர்த்து ஒரு பிரேம் வாங்குவார்கள். வாரநாளில் அதே சைக்கிளில்தான் வேலைக்குப் போவார்கள். பந்தய நாளில் ரேஸ் சக்கரங்களை முன்பக்கம் கட்டிக்கொண்டு பந்தய இடம்வரை ஓட்டிப் போய், அங்கே சக்கரத்தை மாற்றி ஓட்டுவார்கள். முடிந்ததும் திரும்பவும் மாற்றிக்கொண்டு வீட்டுக்கு.

அந்தக் கிளப்புகளில் ஒன்று யார்க்‌ஷயரின் மோர்லி. அங்கே உருவானவர் பெரில் பர்ட்டன். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சலில் நெடுநாள் படுத்துக் கிடந்தவர். பின்னாளில் கிளப் நண்பர் ஒருவரின் பண்ணையில் ருபார்ப் செடி வெட்டும் கூலிவேலை பார்த்தவர். 1967-இல் பன்னிரண்டு மணி நேரப் பந்தயத்தில் 277.25 மைல், அதாவது 446 கிலோமீட்டர் ஓட்டினார். வழியில், அன்றைக்கு ஆண்கள் சாதனையை முறியடித்துக்கொண்டிருந்த மைக் மெக்நமாராவைத் தாண்டும்போது, கைநீட்டி ஓர் அதிமதுர மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஓட்டிய தூரத்தைத் தொட ஆண்களுக்கு இரண்டு வருடம் ஆனது.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆரம்பத்தில் பெரிலைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் கூட்டிப் போக வேண்டியிருந்தது என்று அவர் கணவர் சார்லியே சொல்லியிருக்கிறார். முதுகில் வைத்த அந்தக் கைதான் கிளப். தம்பி, அன்றைய பெரில் உங்கள் டீக்கடை வாசலுக்கு வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

1993-இல் ஒரு மணி நேர உலக சாதனையை முறியடித்த கிரேம் ஓப்ரி, தன் சைக்கிளைத் தானே செய்தவர். அதில் போட்ட பேரிங் பழைய வாஷிங் மெஷினிலிருந்து எடுத்தது. அதையும் வாசலில் நிறுத்தி மேலும் கீழும் பார்ப்பீர்களா?

இயற்பியல் வாத்தியார், கணக்கில்லாமல் விடமாட்டேன். எழுபது கிலோ ஆள் எட்டு கிலோ சைக்கிளில் ஏறினால் 78. பதினொரு கிலோ சைக்கிளில் ஏறினால் 81. மூன்று கிலோ குறைக்க லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள். மொத்த எடையில் அது நூற்றுக்கு நாலு கூட இல்லை. அதுவும் மேட்டில்தான் தெரியும். சமதரையில் உங்கள் எதிரி எடையல்ல, காற்று. அந்தக் காற்றை ஜெயிக்க மலிவான வழி முன்னால் ஓட்டுகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போவது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகும். காசு கொடுத்து வாங்க முடியாத வேகம் அது. கிளப் கொடுப்பது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவனைத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

"பாதுகாப்பு சார்" என்பீர்கள். நியாயம். முப்பது கிலோமீட்டர் வேகக் கூட்டத்தில் பிரேக் பிடிக்காத சைக்கிள் எல்லாரையும் விழத்தட்டும். அப்படியானால் பிரேக்கைப் பாருங்கள், சக்கரத்தில் கோட்டம் இருந்தால் எடுத்துக் கொடுங்கள், மெதுவாகப் போகிறவர்களுக்குத் தனி அணி வையுங்கள். நான் பார்த்த அன்று யாரும் அவன் பிரேக்கை அழுத்திப் பார்க்கவில்லை. சைக்கிளில் எழுதியிருந்ததைத்தான் பார்த்தீர்கள்.

கையால் செய்த சைக்கிளை நான் கொண்டாடுவது விலைக்காக அல்ல. ஒருவர் இன்னொருவரின் உடம்பை மதித்து அளவெடுத்துச் செய்வது அது. அந்த மரியாதை சைக்கிளோடு நின்றுவிட்டால், உங்களிடம் இருப்பது கிளப் அல்ல, ஷோரூம்.

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கு அந்தப் பையனை நானே கூட்டி வருகிறேன். என்னுடைய பழைய கறுப்பு சைக்கிளில்தான் வருவேன். எங்களை எந்த அணியில் விடுவதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.