தடித்த தமிழெழுத்தும் சுழிகளின் உள்வெளியும்: ‘பாலு தம்பி’ எழுத்துருவை முன்வைத்து

அண்மையில் நூலகமொன்றில் ‘மனம்’ எனப் படித்துக் கையிலெடுத்த ஆய்வேடு, ‘மணம்’ பற்றியதாக இருந்தது. முதுகுத் தலைப்பில் மூன்றுசுழி ணகரத்தின் சுழிகள் மையால் அடைபட்டு, இரண்டுசுழி னகரமாகத் தோன்றின. நூற்பதிவேட்டிலும் ‘மனம்’ என்றே பதிவாகியிருந்தது. சங்ககால மணமுறைகளைத் தேடும் ஆய்வாளர் எவரும் இனி அவ்வேட்டைக் கண்டடைதல் அரிது.

இப்பிழையின் மூலம் போலித் தடிப்பு ஆகும். தனியே வரையப்பெற்ற தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் தடிப்புப் பொத்தானை அழுத்தினால், மென்பொருள் கோட்டை எல்லாப் புறமும் ஒரே அளவில் பருக்கச் செய்கிறது. பருமன் உள்நோக்கியும் வளர்வதால் சுழிகள் தூர்ந்துவிடுகின்றன.

இதற்கு மாறானது, 2016-இல் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் வெளிவந்த ‘பாலு தம்பி’. இது மும்பையின் ‘ஏக் டைப்’ குழுவினர் பல இந்திய எழுத்துகளுக்கு உருவாக்கிய ‘பாலு’ வரிசையில் தமிழுக்குரியது. ஆதர்ஷ் ராஜன் வடிவமைத்தது. (கன்னடத்தில் ‘தம்ம’, தெலுங்கில் ‘தம்முடு’ எனப் பெயரிட்டோர் மலையாளத்திற்கு மட்டும் ‘சேட்டன்’ என மூத்தோன் பெயரை வழங்கியது திராவிட மொழியியலார்க்குச் சுவை தரும்.) இது தொடக்கத்திலேயே தடித்த எழுத்தாக வரையப்பெற்றது. அதன் ணகரத்தைப் பெரிதாக்கி நோக்குவோர், அத்தனை பருமனிலும் சுழிகளுக்கு இடம் விடப்பட்டிருப்பதைக் காணலாம்.

பருமனை எங்கே வைப்பது என்பதற்கு ஓலைமரபில் விடை இல்லை. உரோமன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் அகன்றமுனைப் பேனா தந்தவை. எழுத்தாணி கீறிய கோடோ எங்கும் ஏறத்தாழ ஒரே மென்மை உடையது. ஆகவே, தடித்த தமிழெழுத்தை வரைபவர் ணகர னகர வேறுபாட்டில் எது இன்றியமையாதது, புள்ளி எழுத்தினின்று எவ்வளவு விலகி நிற்றல் வேண்டும் என்பனவற்றைத் தாமே முடிவு செய்ய வேண்டியுள்ளது. இவை எழுத்திலக்கணத்தோடு தொடர்புடைய வினாக்களே. சுவடிகளில் புள்ளி இடாமையால் நேர்ந்த பாட ஐயங்களைப் பதிப்பியல் வகுப்பில் விரிவாகக் கற்கும் நாம், அச்சில் புள்ளி எழுத்தோடு ஒட்டி மறைவதை மட்டும் அச்சகத்தார் பணியென ஒதுக்கிவிடுகிறோம்.

‘பாலு தம்பி’யை ஆய்வேட்டு அட்டைக்கு நான் பரிந்துரைக்கவில்லை. மழுங்கிய முனைகளும் உருண்ட உடலும் கொண்ட அவ்வெழுத்து சிறுவர் நூலுக்கும் சுவரொட்டிக்கும் பொருந்தும். தொல்காப்பிய உரைகள் பற்றிய ஏட்டின்மீது சற்றுச் சிரிப்பது போலிருக்கும். பின்னர் வந்த ‘பாலு தம்பி 2’ ஐந்து தடிப்புநிலைகளைக் கொண்டதாயினும் இக்குணம் அதிலும் மாறவில்லை. அதன் வரைமுறையே நாம் கற்கத்தக்கது.

சுவடியியல், பதிப்பியல் பாடங்களில் ஓர் அலகேனும் அச்செழுத்தின் வடிவத்திற்கு ஒதுக்கப்பெற வேண்டும். ஆய்வேட்டு நெறிமுறைகளில் எழுத்தின் அளவையும் வரி இடைவெளியையும் வரையறுப்போர், தலைப்புக்குத் தனியே வரையப்பெற்ற தடித்த வடிவமுடைய எழுத்துருவையே பயன்படுத்துக என ஒரு வரி சேர்க்கலாம். அத்தகைய தமிழ் எழுத்துருக்கள் பல இன்று திறந்த உரிமத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.