பேசும் பட்சணங்கள்

சென்ற வாரம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, "ஸார், சர்க்கரைக்குச் சீனி என்று ஏன் பெயர் வந்தது?" என்று கேட்டான். அன்றைய பாடத்துக்கும் அந்தக் கேள்விக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், பாடத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்விகளே பெரும்பாலும் நல்ல கேள்விகளாக இருக்கின்றன என்பது இத்தனை வருஷ உபாத்தியாயத் தொழிலில் நான் கண்ட உண்மை. "சீன தேசத்தின் பெயரால் வந்தது, அப்பா!" என்றேன். பையன் உட்காரவில்லை. "அப்படியானால் சீனர்களுக்குச் சர்க்கரை செய்யக் கற்றுக் கொடுத்தவர்கள் யார், ஸார்?" என்றான்.

இதற்கும் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. கி.பி. 647-ஆம் வருஷத்தில் தாங் வமிசத்துச் சக்கரவர்த்தி தைசோங், கருப்பஞ்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் முறையை அறிந்து வரும்படி மகத நாட்டுக்கு ஆட்களை அனுப்பினார். நம் தேசம் அவர்களுக்கு வித்தையைக் கொடுத்தது. அவர்கள் தேசம் நமக்குப் பெயரைக் கொடுத்தது. கொடுக்கல் வாங்கல் அத்துடன் நேராகிவிட்டது. ஆனால் அந்தச் சர்க்கரையைக் கொண்டு சீனர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் மிகவும் ரஸமான விஷயம். அவர்கள் பட்சணங்களைப் பேச வைத்தார்கள்!

இது வெறும் அலங்கார வார்த்தை அன்று. சீன பாஷையில் சொற்கள் பெரும்பாலும் ஓரசை, ஈரசைச் சொற்கள். ஆகவே ஒரே ஒலி பல பொருள்களுக்கு இடம் கொடுக்கிறது. நமது காளமேகப் புலவர் பாட்டில் செய்த சிலேடையைச் சீன தேசத்துப் பாட்டிமார் அடுப்படியில் செய்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்களுடைய புது வருஷப் பண்டிகைக்குப் பசையுள்ள அரிசியின் மாவையும் சர்க்கரையையும் கலந்து ஆவியில் வேக வைத்து ஒரு பணியாரம் செய்கிறார்கள். அதன் பெயர் 'நியன் காவ்.' 'நியன்' என்றால் ஒட்டிக்கொள்வது. 'காவ்' என்றால் பணியாரம். ஆனால் அதே ஒலியில் 'நியன்' என்பதற்கு ஆண்டு என்றும், 'காவ்' என்பதற்கு உயர்வு என்றும் அர்த்தம் உண்டு. எனவே, அதில் ஒரு துண்டை உங்கள் கையில் கொடுப்பவர், "ஆண்டுக்கு ஆண்டு நீங்கள் உயர்க!" என்று வாய் திறவாமலே வாழ்த்திவிடுகிறார். குழந்தைக்கு உயரம், வியாபாரிக்கு லாபம், உத்தியோகஸ்தருக்குச் சம்பளம் என்று அவரவர்க்கு வேண்டிய உயர்வை அவரவர் எடுத்துக்கொள்ளலாம். பண்டிகை கழிந்ததும் அது கெட்டியாகிவிடும். அப்போது அதை மெல்லிய வில்லைகளாக நறுக்கி, முட்டையில் தோய்த்துப் பொரித்துத் தின்பது காண்டன் பிரதேசத்து வழக்கம்.

இன்னொன்று 'ஃபா காவ்.' மாவைப் புளிக்க வைத்து ஆவியில் வேக வைப்பது. 'ஃபா' என்றால் பொங்குவது. செல்வம் பெருகுவதும் அதே சொல்தான். வேகும்போது இதன் தலைப்பாகம் பூ மலர்வதுபோல் வெடிக்கும். எவ்வளவுக்கு எவ்வளவு வெடிக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம். பணியாரம் வெடித்துவிட்டதே என்று நம் வீட்டு ஸ்திரீகள் கவலைப்படும் இடத்தில் அந்த வீட்டு ஸ்திரீகள் ஆனந்தப்படுகிறார்கள்!

விருந்தாளிகள் வந்தால் எட்டு அறைகள் கொண்ட ஒரு தட்டு வரும். அதில் சர்க்கரைப் பாகில் ஊறிய தாமரை விதை, பூசணித் துண்டு, தேங்காய்க் கீற்று முதலியவை இருக்கும். தாமரை விதைக்கு 'லியன் ஸி' என்று பெயர். அதே ஒலிக்கு 'இடைவிடாமல் பிள்ளைகள்' என்றும் பொருள் கொள்ளலாம். கலியாண வீட்டில் இந்தச் சிலேடை இன்னும் நீண்டுவிடும். பேரீச்சை போன்ற இலந்தை வற்றல், நிலக்கடலை, லோங்கான் என்னும் பழம், தாமரை விதை ஆகிய நான்கையும் மணமக்கள் படுக்கையில் தூவி வைப்பார்கள். நான்கின் பெயர்களிலிருந்தும் ஓரோர் அசையை எடுத்துச் சேர்த்தால், "சீக்கிரம் சிறந்த புத்திரர்கள் பிறக்கட்டும்" என்ற வாக்கியம் கிடைக்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், நிலக்கடலையின் பிறப்பிடம் தென் அமெரிக்கா. பதினாறாம் நூற்றாண்டுக்குப் பிறகுதான் அது சீனாவில் பரவியது. வெளி தேசத்திலிருந்து வந்த கடலையையும் சீனர்கள் தங்கள் பாஷையில் ஆசீர்வாதம் செய்யும்படி பழக்கிவிட்டார்கள்!

பேரிக்காயின் கதை இதற்கு நேர் விரோதம். 'பேரிக்காயைப் பங்கிடுவது' என்பதும், 'பிரிந்து போவது' என்பதும் சீன பாஷையில் காதுக்கு ஒன்றே. ஆகையால் கணவனும் மனைவியும் ஒரு பேரிக்காயை நறுக்கிப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். வாழ்த்துச் சொல்லத் தெரிந்த பண்டத்துக்கு அபசகுனம் சொல்லவும் தெரியும் அல்லவா?

தெய்வத்துக்கும் பட்சணம் உண்டு. ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கும் ஓர் அதிதேவதை இருப்பதாக ஐதீகம். வருஷக் கடைசி மாதத்தில், வடக்கே 23-ஆம் தேதியும் தெற்கே 24-ஆம் தேதியும், அந்தத் தேவதை மேலுலகம் சென்று வீட்டாரின் நடத்தையைப் பற்றித் தேவராஜனிடம் அறிக்கை கொடுக்கும். ஆகவே புறப்படுவதற்கு முன்னால், முளைகட்டிய தானியத்திலிருந்து காய்ச்சி எடுத்த பிசுபிசுப்பான மிட்டாயை அதன் வாயில் தடவிவிடுவார்கள். வார்த்தை இனிமையாக வரவேண்டும் என்று சிலர் காரணம் சொல்கிறார்கள். வாயே திறக்கக்கூடாது என்பதுதான் காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். லஞ்சம் என்ற சொல்லை மாத்திரம் யாரும் சொல்வதில்லை!

ஆயினும், எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தவை வட்டமான பட்சணங்களே. முதல் மாதத்துப் பௌர்ணமியில் தீபங்கள் ஏற்றும் நாளன்று, எள்ளுப் பூரணம் வைத்த அரிசி மாவு உருண்டைகளை வெந்நீரில் மிதக்கவிட்டு உண்கிறார்கள். 'தாங் யுவான்' என்ற அதன் பெயர், குடும்பம் ஒன்றுசேர்வதைக் குறிக்கும் 'துவான் யுவான்' என்ற சொல்லை நினைவூட்டுகிறது. எட்டாம் மாதத்துப் பௌர்ணமிக்கு நிலாப் பணியாரம். தாமரை விதை விழுதுக்கு நடுவே உப்பிலிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கருவை வைத்தால், உள்ளேயும் ஒரு முழு நிலா! இதைத் தனியாகத் தின்பதில்லை. வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டுகளாக வெட்டவேண்டும். வெளியூர் போயிருப்பவருக்கும் ஒரு துண்டு கணக்கில் உண்டு என்பது பல வீடுகளில் வழக்கம்.

இந்தப் பேச்சைக் கேட்டு அரசாங்கங்களே பயந்ததுண்டு. மாவுருண்டைக்கு வடக்கே 'யுவான் ஸியாவ்' என்று ஒரு பெயர். "யுவான் அழிக" என்றும் அது காதில் விழும். குடியரசுத் தலைவராயிருந்து சக்கரவர்த்தியாக ஆசைப்பட்ட யுவான் ஷிகாய், இதனால் அந்தப் பெயரையே மாற்றும்படி உத்தரவிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. அவர் 1916-ல் மாண்டார். உருண்டைக்கு அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது. 1912-ல் சீனக் குடியரசு ஆங்கிலப் பஞ்சாங்கத்தை ஏற்றது. 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் நான்கிங் சர்க்கார் பழைய புது வருஷத்தையே ஒழித்துவிட முயன்றது. பின்னர் கலாசாரப் புரட்சியின் நடுவே, 1967-ல், பண்டிகை விடுமுறை நிறுத்தப்பட்டது. 1980-ல் அது திரும்பி வந்தது. அதே பண்டிகையை 2024-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, கலாசார ஸ்தாபனம் மனித குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. பஞ்சாங்கத்தை அச்சிடுவது சர்க்காரின் கையில் இருக்கலாம். மாவை அரைப்பது வீட்டாரின் கையில் அல்லவா இருக்கிறது?

சர்க்காரைக் காட்டிலும் பெரிய அபாயம் பணத்தினால் வந்தது. நிலாப் பணியாரம் பட்டுப் பெட்டிகளில் ஏறி, காரியம் ஆகவேண்டியவர்கள் வீட்டிலிருந்து காரியம் செய்து கொடுப்பவர்கள் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியது. அடுப்புத் தேவதையின் மிட்டாய் அதிகாரிகளின் வாய்க்கு வந்துவிட்டது என்றே சொல்லலாம். பொதுப் பணத்தில் இவற்றை வாங்கிப் பரிசளிக்கக் கூடாது என்று 2013-ல் தடை போட்டார்கள். 500 யுவானுக்கு மேற்பட்ட பெட்டிகளைக் கண்காணிக்கப் போவதாக 2022-ல் அறிவித்தார்கள். அந்தப் பெட்டியில் இருந்ததும் வட்டமான பணியாரம்தான். ஆனால் அது, "நாம் ஒன்றாயிருப்போம்" என்று சொல்லவில்லை. "என்னை மறந்துவிடாதீர்கள்" என்று சொல்லிற்று. பட்சணம் பேசுவது மெய்தான். என்ன பேசுகிறது என்பது கொடுக்கும் கையைப் பொறுத்தது.

இதையெல்லாம் மறுநாள் வகுப்பில் சொல்லி முடித்தேன். அதே பையன் மீண்டும் எழுந்தான். "வெளியூர் போனவர் வரவே இல்லையென்றால், அந்தத் துண்டை யார் ஸார் தின்பார்கள்?" என்றான்.

பையன்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வீட்டில் இருப்பவர்கள்தான் தின்பார்கள். ஆனால் முதலில் அவருக்கென்று வெட்டி வைப்பார்கள், அப்பா!" என்றேன்.

பையன் இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டான்.