ஈசானிய மூலையும் ஜப்பானியப் பேயும்



நமது இயக்கத் தோழர் ஒருவர், பெயர் இங்கு வேண்டியதில்லை, பதினைந்து வருஷமாக நமது கூட்டங்களுக்குப் பந்தல் போட்டுப் பாய் விரித்தவர். பல கூட்டங்களுக்குத் தலைமையும் வகித்தவர். அவரது கலியாணம் புரோகிதனில்லாமல் நடந்தது. தாயார் இறந்தபோது கருமாதி செய்யவில்லை. இப்பேர்ப்பட்டவர் இரண்டு வருஷத்துக்கு முன் பாங்கியில் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினார். குடிபுகுந்த ஆறாம் மாதம் மகனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. கடையில் வியாபாரமும் கொஞ்சம் மந்தமாயிற்று. உடனே மைத்துனர் ஒரு "வாஸ்து நிபுணரை"க் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அந்த நிபுணர் திசைகாட்டியைத் தரையில் வைத்துப் பார்த்து, தெற்கே வாசல் வைத்திருப்பது எமனை விருந்துக்கு அழைப்பதாகுமென்றும், சமையலறை அக்கினி மூலையில் இல்லையென்றும், ஈசானிய மூலை குறைந்திருப்பதால் வம்சத்துக்கே ஆகாதென்றும் சொல்லிக் கூலி வாங்கிப் போய்விட்டார்.

பலன் என்ன? தெற்கு வாசல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டது. ஜன்னலோடு இருந்த சமையலறை இடிக்கப்பட்டு, பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டிய மூலைக்குப் போயிற்று. அங்கே ஜன்னல் வைக்க வழியில்லை. இரண்டேகால் லட்ச ரூபாய் புதிதாகக் கடன். காமாலை குடிதண்ணீரினால் வந்தது என்று வைத்தியர் சொன்னதும், தெருக் குழாய்க்குப் பக்கத்திலேயே சாக்கடை ஓடுவதும் யார் கவனத்துக்கும் வரவில்லை.

"என்ன தோழரே, இது நியாயமா?" என்று கேட்டோம். "இது மதமல்ல ஐயா, விஞ்ஞானம், சீனா, ஜப்பான் தேசங்களில் கூடத் திசை பார்த்துத்தான் வீடு கட்டுகிறார்கள்" என்றார். பூணூல் போட்டுக்கொண்டு வந்தால் விரட்டியடிக்கிற நம்மவர்கள், அதே ஆள் திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுக்கிறார்கள். போகட்டும். சீனா, ஜப்பான் என்று அவரே இழுத்தபடியால் அங்கேயே போய்ப் பார்ப்போம்.

நம் மனை சாஸ்திரத்தில் வடகிழக்கு மூலை தெய்வம் குடியிருக்கும் மூலை. ஜப்பானிலும் வீட்டுத் திசை பார்க்கும் சாஸ்திரம் ஒன்று உண்டு. அதில் அதே வடகிழக்குக்குப் பெயர் "கிமோன்", அதாவது பேய் வாசல்! அந்தப் பக்கம் வாசற்படி வைக்கலாகாது. கியோட்டோ நகரத்து அரண்மனையின் மதிற்சுவர் வடகிழக்கில் மூலையே இல்லாமல் உள்ளடக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. மூலையிருந்தால் பேய் அதன் வழியாக வந்துவிடுமாம். காவலுக்கு ஒரு மரக் குரங்குப் பொம்மை வேறு. ஈசானியம் குறைந்தால் வம்சம் அற்றுப்போகும் என்பது உண்மையானால் அந்த ராஜ வம்சம் என்றோ பூண்டற்றுப் போயிருக்க வேண்டாமா? மாறாக, இன்று உலகத்தில் தொடர்ந்து வரும் ராஜ வம்சங்களில் மிகப் பழையது அதுதான். (ராஜாக்கள் நீடித்திருப்பதில் நமக்குச் சந்தோஷமில்லை, கணக்குக்காகச் சொல்கிறோம்.) அங்கே பேய், இங்கே ஈசன்! ஒரே மூலையில் இருவரும் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்பதை நிபுணர்கள்தான் விளக்க வேண்டும்.

இனி, தெற்கு. நமக்கு அது எமன் திசை. சீனாவிலோ தெற்கு பார்த்த வீடுதான் உத்தமமான வீடு. பீக்கிங் நகரத்தின் பழைய முற்றம் வைத்த வீடுகளில் குடும்பத் தலைவனின் கூடம் தெற்கு பார்த்தே இருக்கும். 1420-ல் கட்டி முடித்த சக்கரவர்த்தியின் அரண்மனைக்கும் தலைவாசல் தெற்கில்தான். சீனாக்காரனிடம் எமனுக்கு என்ன பயமோ தெரியவில்லை!

காரணம் வெகு சாமானியமானது. அந்தத் தேசம் பூமத்திய ரேகைக்கு வெகு வடக்கே இருக்கிறது. குளிர் காலத்தில் சூரியன் தென்திசையில் தாழ்வாகப் போகிறான். குளிர்காற்றோ வடக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே வடக்கை அடைத்துத் தெற்கைத் திறந்தார்கள். வீட்டுக்குள் வெயில் வந்தது. இதே சங்கதியை ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் என்ற ஊரில் 1991-ல் கட்டிய நான்கு தொடர் வீடுகளில் பார்க்கலாம். கனமான சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி, தெற்கே பெரிய ஜன்னல்கள். பனி பெய்யும் தேசத்தில், சாதாரண வீட்டைச் சூடாக்க ஆகும் எரிபொருளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அங்கே போதுமானதாயிற்று. தெற்கு ஜன்னலால் செலவு மிச்சமாயிற்றே தவிர, எவரும் எமலோகம் போகவில்லை.

ஆஸ்திரேலியாவுக்குப் போங்கள். அங்கே நடுப்பகலில் சூரியன் வடக்கே நிற்கிறான். க்ளென் மர்க்கட் என்பவர், 2002-ல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றவர், நீளமாகவும் ஒடுக்கமாகவும், நெளித்தகரக் கூரை போட்டு, வடக்கு பார்த்து வீடு கட்டினார். குளிர்கால வெயில் உள்ளே வரும். கோடை வெயிலைத் தாழ்வாரம் தடுக்கும். பீக்கிங்கில் தெற்கு நல்லது, சிட்னியில் வடக்கு நல்லது என்றால், நன்மை திசையில் இருக்கிறதா, சூரியனில் இருக்கிறதா என்று யோசியுங்கள்.

நம் நாட்டுக்கு வாருங்கள். நமக்கு வெயில் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம். தெற்கிலிருந்து வருவதால்தான் அதற்குத் தென்றல் என்று பெயர் வைத்தான் தமிழன். எமனுக்குப் பயந்து தெற்கு வாசலைச் செங்கல்லால் அடைத்துவிட்டு, இரவெல்லாம் மின்விசிறிக்குப் பணம் கட்டுகிறவனுக்கு என்ன பெயர் வைப்பது?

"நம் முன்னோர் காற்றையும் வெளிச்சத்தையும் உத்தேசித்துத்தான் சாஸ்திரம் எழுதினார்கள்" என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். சாஸ்திரத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. வாஸ்துக்காரர்களுக்குப் பெரிய ஆதாரம். வெள்ளை மண் பார்ப்பானுக்கு, சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு! வீட்டின் அகலமும் அப்படியே. ஜாதி இறங்க இறங்க முழக்கணக்கும் இறங்குகிறது. இதில் காற்று எங்கே இருக்கிறது, வெளிச்சம் எங்கே இருக்கிறது? கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் வெடித்துச் சுவரைப் பிளக்கும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரியும். அந்தக் கறுப்பு மண்ணைத்தான் நமக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அக்கிரகாரம் ஓரிடம், சேரி ஓரிடம் என்று ஊரைப் பிரித்துக் கோடு போட்ட அதே புத்திதான் இந்த சாஸ்திரத்திலும் இருக்கிறது. இதை மதமல்ல, விஞ்ஞானம் என்று நமது தோழர் சொன்னால் நாம் வெட்கப்பட வேண்டியதுதான்.

அப்படியானால் மேனாட்டு நிபுணன் சொல்வதெல்லாம் வேதவாக்கோ என்று கேட்கலாம். இல்லவே இல்லை. லெ கொர்பூசியே என்ற உலகப் பிரசித்தி பெற்ற நிபுணர் பாரிசுக்குப் பக்கத்தில் புவாசி என்ற ஊரில் சவோய் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டினார். 1931-ல் முடிந்தது. தட்டையான மொட்டை மாடி, நீள நீளமான ஜன்னல்கள். இன்றும் உலகமெல்லாம் போய்ப் பார்க்கிறது. ஆனால் மழை பெய்தால் வீடு முழுவதும் ஒழுகிற்று! வீட்டுக்கார அம்மாள் சும்மா இருக்கவில்லை. வருஷக் கணக்காகக் கடிதம் எழுதினார். வீட்டைக் குடியிருக்கத் தக்கதாக்கிக் கொடு என்று 1937-ல் கண்டிப்பாகக் கேட்டார். இங்கேதான் வித்தியாசம். கட்டடக் கலைஞன் தப்பு செய்தால் கூரை ஒழுகும், அவன் சட்டையைப் பிடிக்கலாம். வாஸ்துக்காரன் சொன்னபடி செய்தும் வியாபாரம் படுத்தால் யார் சட்டையைப் பிடிப்பது? "இன்னொரு மூலையிலும் தோஷம் இருக்கிறது" என்று மறுபடியும் கூலி கேட்பான்.

சமையலறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் தோழர் வீட்டில் அதிகம் கஷ்டப்படுகிறவர் அந்த அம்மாள்தான். மார்கரெட்டே ஷூட்டே லிஹாட்ஸ்கி என்ற வியன்னா அம்மையார் 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துத் தொழிலாளர் வீடுகளுக்காக ஒரு சமையலறை அமைத்தார். அவர் எந்த மூலை என்று கேட்கவில்லை. ஒரு பெண் ஒரு வேளைச் சமையலுக்கு எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை தரம் குனிகிறாள் என்று கணக்கெடுத்தார். ரயில் வண்டியில் சின்ன இடத்தில் சமைப்பதைப் பார்த்து யோசனை எடுத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ஜன்னலடியில் மேஜை, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி, மாவுக்கும் அரிசிக்கும் தனித்தனி இழுப்பறைகள். சுமார் 10,000 வீடுகளில் இது வைக்கப்பட்டது. குறையில்லாமலில்லை, ஒருவருக்கு மேல் நிற்க இடமில்லை, ஆண்பிள்ளை உள்ளே வந்து கை கொடுக்கவும் வழியில்லை என்று பிற்காலத்துப் பெண்களே கண்டித்தார்கள். கண்டித்தார்கள், மாற்றினார்கள். அந்த அம்மையாரோ ஹிட்லரை எதிர்த்து வேலை செய்து 1941-ல் பிடிபட்டு, 1945 வரை சிறையிலிருந்து, 2000-ல் நூறு வயதைத் தாண்டி இறந்தார். அவர் எந்த அக்கினி பகவானையும் கலக்கவில்லை.

தென்கிழக்கில் அடுப்பு வைத்தால் காற்று நெருப்பைக் கூரைப் பக்கம் தள்ளாது என்று சமாதானம் சொல்வோருக்கு ஒரு வார்த்தை: ஓலைக் கூரை போய்க் காரைக் கூரை வந்துவிட்டது, விறகு போய் காஸ் வந்துவிட்டது. மூலை மட்டும் ஏன் போகவில்லை?

இரண்டேகால் லட்சம் என்பது சிறு தொகையல்ல. அந்தப் பணத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் போட்டு, மேல்மாடியில் வெயில் தாங்கும் ஓடு பதித்து, மேற்குச் சுவருக்கு நிழல் தர இரண்டு வேம்பும் வைத்திருக்கலாம். மிச்சத்தில் பெண்ணுக்குக் காலேஜ் சம்பளமும் கட்டியிருக்கலாம்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது அந்த அம்மாள் வேர்த்து விறுவிறுத்துத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். "எங்களை யாரும் கேட்கவில்லை அண்ணா. அந்த வாசலிருந்தால் சாயங்காலம் காற்றாவது வரும்" என்றார். தோழர் தலையைக் குனிந்துகொண்டார். வருகிற மாதம் அவர் ஊரில் நமது கூட்டம் நடக்கிறது. வழக்கப்படி அவரே தலைமை வகிப்பார். நாம் பேசப்போவது இதே விஷயம். கூட்டத்துக்கு முன் அந்தச் செங்கல்லை அவரே எடுத்துவிடுவாரானால், பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம்.