சமூக வன வள உரிமைச் சான்று வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: செயலாளர், மலைக்கிராமப் பழங்குடி மக்கள் சங்கம்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தலைவர், மாவட்ட அளவிலான வன உரிமைக் குழு

பொருள்: வன உரிமைச் சட்டம், 2006 – பிரிவு 3(1)-இன் கீழ் காட்டைப் பாதுகாக்கவும் மேலாண்மை செய்யவும் உள்ள சமூக உரிமை – சான்று வழங்காமல் நிலுவையில் இருப்பது – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய கடிதங்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்புக்காடுகளுக்குள் வாழும் எங்கள் ஊர்களின் கிராம சபைகள் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி இம்மனுவை அளிக்கிறோம்.

1. சமூக வன வள உரிமை

முந்தைய கடிதங்களில் எழுதியதையே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. முதல் கடிதத்துடன் எங்கள் எல்லை வரைபடத்தை வைத்திருந்தோம். எங்கள் கிராமங்களின் வன உரிமைக் குழுவினர் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஓடை, பாறை, சாமி கும்பிடும் சோலை என ஒவ்வொன்றாக நடந்து குறித்த வரைபடம் அது. இது காப்புக்காடு, எனவே இயலாது என்று பதில் வந்தது. சமூக வன வளம் என்பதில் காப்புக்காடும் சரணாலயமும் தேசியப் பூங்காவும் அடங்கும் என்று சட்டத்தின் பிரிவு 2(அ) தெளிவாகச் சொல்வதை இரண்டாம் கடிதத்தில் எடுத்துக்காட்டினோம். தனிநபர் பட்டாக்கள் வழங்கப்பட்டுவிட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது என்றது அடுத்த பதில். தனிநபர் பட்டா ஒரு குடும்பம் உழும் நிலத்துக்கானது. நாங்கள் கேட்பது ஊரே சேர்ந்து காக்கும் காட்டின் மீதான உரிமை. ஒன்றைத் தந்ததால் மற்றொன்று தீர்ந்துபோவதில்லை என்று மூன்றாவதாக எழுதியதற்குப் பதிலே இல்லை.

ஆகவே இம்முறை ஒரே ஒரு விதியை முன்வைக்கிறோம். 2012 செப்டம்பர் 6 அன்று திருத்தப்பட்ட வன உரிமை விதிகளில் 12-பி என்றொரு விதி உள்ளது. காட்டைச் சார்ந்து மக்கள் வாழும் எல்லாக் கிராமங்களிலும் சமூக வன வள உரிமை ஏற்கப்பட்டுச் சான்று வழங்கப்படுவதை மாவட்ட அளவிலான குழுவே உறுதிசெய்ய வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் உட்பிரிவு. ஒரு கிராமத்தில் அவ்வுரிமை ஏற்கப்படவில்லை என்றால் அதற்கான காரணத்தைக் குழுவின் செயலர் பதிவுசெய்ய வேண்டும் என்கிறது நான்காம் உட்பிரிவு. நாங்கள் கேட்டால் தரலாம் என்று விதி சொல்லவில்லை. கேட்காத கிராமத்துக்கும் கடமை குழுவுடையதே என்கிறது. எங்கள் ஊர்களைப் பொறுத்தவரை சான்றும் வரவில்லை, காரணம் பதிவானதாகவும் தகவல் இல்லை. இரண்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் தமிழகத்தில் சான்று வழங்குவது பல ஆண்டுகள் தடைபட்டது உண்மைதான். 2016இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை நீக்கிவிட்டது. இன்றைய தாமதத்துக்கு அந்த உத்தரவைக் காரணம் காட்ட முடியாது.

புலிகள் வாழும் காட்டில் இது நடக்குமா என்று அதிகாரிகள் வாய்மொழியாகக் கேட்டார்கள். கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கசாமி மலை 2011இல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்குள்ள சோளகர்களின் 25 கிராம சபைகளுக்குச் சமூக உரிமைகள் வழங்கப்பட்டன. புலிகள் காப்பகத்துக்குள் இவ்வாறு உரிமை ஏற்கப்பட்டதற்கு நாட்டிலேயே அது முதல் எடுத்துக்காட்டு. மகாராஷ்டிரத்தின் மேந்தா லேகா கிராமம் 2009இலேயே ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டுக்கு உரிமை பெற்றது.

காட்டின் மீது எங்கள் மக்களுக்கு இருக்கும் எண்ணத்தையும் தாங்கள் அறிய வேண்டும். தேன் எடுப்பவர் அடையை முழுதாக வழிப்பதில்லை. நெல்லி பறிப்பவர் கிளையை முறிப்பதில்லை. மானுக்கும் விதைக்கும் காய் விட்டு வருவார். மாகாளிக்கிழங்கு தோண்டுபவர் மீண்டும் துளிர்க்க வேரை விட்டுவைப்பார். இக்கட்டுப்பாடுகள் இன்று தளர்ந்து வருகின்றன, அதை மறைக்கவில்லை. வேலை தேடித் திருப்பூருக்குப் போன பிள்ளைகள், நமக்கு உரிமையில்லாத காட்டை நாம் ஏன் காக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வெளியாள் வந்து கிளையை வெட்டிக் காய் உலுக்கும்போது தடுக்கச் சொன்னால், எந்த அதிகாரத்தில் தடுப்பது என்கிறார்கள். கிராம சபையில் இதற்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. வனத்துறை அமைத்த கிராம வனக் குழுக்களில் எங்கள் பெயர்கள் இருந்தன, முடிவு எடுக்கும் உரிமை இல்லை. நிதி தீர்ந்ததும் அக்குழுக்களும் கலைந்தன.

முடிவெடுக்கும் உரிமை எங்களிடம் இல்லாததால் காடு கெடுவதற்கு உண்ணிச்செடி சான்று. மாடும் மானும் மேய்ந்த புல்தரைகளை அது மூடிவிட்டது. உள்ளே யானை நிற்பதுகூடத் தெரிவதில்லை. விறகுக்கும் புல்லுக்கும் போகும் பெண்களே இதை முதலில் சொன்னவர்கள். கோடையின் தொடக்கத்தில் தரைச்சருகை மட்டும் எரித்த பழைய சிறு தீ நின்றபின்தான் இது பெருகியது என்பது சோளகர்களின் அனுபவம். ஆய்வாளர்களும் அதைப் பதிவு செய்திருக்கிறார்கள். தீ வைக்க நாங்கள் இப்போது அனுமதி கேட்கவில்லை. எந்தச் சரிவில், எந்தப் பருவத்தில் உண்ணியை வேரோடு எடுப்பது, பின்பு என்ன புல் வளர்ப்பது என்பதை வனத்துறையுடன் சமமாக அமர்ந்து முடிவுசெய்யும் உரிமையைக் கேட்கிறோம். சட்டத்தின் 5ஆம் பிரிவு அந்தப் பொறுப்பைக் கிராம சபைக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. ஒப்பந்ததாரரின் கூலியாக அதே செடியை வெட்டுவதும், எங்கள் திட்டமாக அதை அகற்றுவதும் எங்களுக்கு ஒன்றல்ல.

2. சிறு வன மகசூலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டை விதிப்படி கிராம சபையின் குழுவே வழங்க ஆவன செய்ய வேண்டும்.

3. தீத்தடுப்புக் காவலர்களுக்கும் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கும் ஊதியத்தை மாதந்தோறும் தவறாமல் வழங்க வேண்டும்.

4. இனச் சான்றிதழ் முகாமை மலைக்கிராமங்களிலேயே நடத்த வேண்டும்.

5. மழையில் சேதமடைந்த இணைப்புச் சாலையைச் செப்பனிட வேண்டும்.

முதல் கோரிக்கையை மாவட்ட அளவிலான குழுவின் அடுத்த கூட்டப் பொருளில் சேர்த்து, எங்கள் வன உரிமைக் குழுப் பிரதிநிதிகளை அழைத்துக் கேட்க வேண்டுகிறோம். சான்று வழங்க இயலாது எனக் குழு முடிவெடுத்தால், விதி 12-பி(4)-இன்படி பதிவான காரணத்தின் நகலைக் கிராம சபைக்கு எழுத்து மூலம் அளிக்கவும். வாய்மொழிப் பதிலை இனி ஏற்பதில்லை என்றும் கிராம சபைகள் தீர்மானித்துள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: கிராம சபைத் தீர்மானங்கள், எல்லை வரைபடம், முந்தைய கடிதங்களின் நகல்கள்.