அந்த நீல மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள்

கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

போன வாரம் ஒரு விசேஷத்தில் நம் உறவுக்காரப் பெண்ணின் மகளைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். மாடிப்படி ஏறி வந்தவள் பாதியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.4. 12-க்குக் குறையக் கூடாது.

"வைட்டமின் மிட்டாய் தினமும் குடுக்கறேனே பெரியம்மா" என்றாள் தாய். டப்பாவை வாங்கித் திருப்பிப் படித்தேன். வைட்டமின் சி இருக்கிறது, டி இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. இரும்பு என்ற சொல்லே இல்லை.

"பள்ளிக்கூடத்தில் வாரா வாரம் தரும் நீல மாத்திரை?"

"அதை முழுங்காதேன்னு நான்தான் சொல்லிவச்சேன். கர்ப்பப்பைக்குக் கெடுதலாமே, வாட்ஸப்பில் வந்தது."

அந்த மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும்தான். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதித் தருவதும் இதே சத்துகள்தான். அங்கே காசு கொடுத்து வாங்கினால் மருந்து, இங்கே சும்மா கொடுத்தால் விஷமா?

"கீரை போதும்" என்பவர்களுக்கும் சொல்கிறேன். கீரை நல்லது, தினமும் போடுங்கள். ஆனால் கீரையில், பருப்பில் உள்ள இரும்பை உடம்பு கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும். ஈரல், இறைச்சி, மீனில் உள்ளது இன்னும் நன்றாகச் சேரும். மாதாமாதம் ரத்தம் போகிற பெண்ணுக்கு, ஏற்கெனவே 8-க்கு இறங்கியபின், முருங்கைக்கீரைப் பொரியலை மட்டும் நம்பி உட்கார முடியாது. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை. யாரோ ஏழை வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம்.

என் தப்பையும் ஒப்புக்கொள்கிறேன். நான் வேலையில் இருந்தபோது மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் டிக் போட்டுவிட்டு, பாடம் நடத்தப் போய்விடுவேன். ஒருநாள் ஜன்னலுக்குப் பின்னால் சாக்கடையோரம் நீல நிறத்தில் ஒரு குவியலே கிடந்தது. அறிவியல் டீச்சர் நான். ஏன் சாப்பிட வேண்டும் என்று ஒரு பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அன்று சொல்லாததை இன்று சொல்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் வயிற்றுப் புரட்டல் குறையும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது இரும்பின் நிறம். சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம், இரும்பைச் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும். பள்ளியில் தரும் பூச்சி மாத்திரையையும் விடாதீர்கள். ஆனால் இந்த இரும்பு மாத்திரை வாரத்துக்கு ஒன்றுதான். விளையாட்டாக நிறைய விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அளவு ரொம்பக் குறைந்திருந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள்: "இந்த வாரம் மாத்திரையை முழுங்கினியா, இல்ல தூக்கிப் போட்டியா?" திட்டாமல் கேட்டால் உண்மையைச் சொல்வாள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் டீச்சர்